தவணை குறைந்தால் கடன் குறைந்ததா?

கல்விக் கடனை வேறு வங்கிக்கு மாற்றச் சொல்லும் விளம்பரங்கள் கொட்டை எழுத்தில் காட்டுவது மாதத் தவணையைத்தான். பார்க்க வேண்டியதோ கடன் முடியும்வரை கையைவிட்டுப் போகும் மொத்தத் தொகையை. 11.5 சதவீத வட்டியில் 10 லட்சம் ரூபாய் பாக்கி, கட்டி முடிக்க இன்னும் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 14,060 ரூபாய். 9.5 சதவீதத்துக்கு மாற்றி அதே 10 ஆண்டில் கட்டினால் தவணை 12,940, மொத்தத்தில் 1.34 லட்சம் மிச்சம். புதிய வங்கி 15 ஆண்டு அவகாசம் தந்தால் தவணை 10,440-க்கு இறங்கிவிடும். கேட்க இனிக்கும்தான். ஆனால் பழைய வங்கியிலேயே இருந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியதைவிட சுமார் 1.92 லட்சம் கூடுதலாகப் போகும். வட்டி 2 சதவீதம் இறங்கியும் நஷ்டம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளம் குறைவு, தவணை குறைந்தால்தானே மூச்சு விட முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர் நீண்ட தவணைக்காலத்தையே எடுக்கட்டும்; சம்பளம் ஏற ஏற அசலில் கூடுதலாகக் கட்டிவரட்டும். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. பழைய வங்கியிலிருந்து வெளியேறவும் இதே விதி துணை நிற்கும். நிலையான வட்டி என்றால் மட்டும் ஒப்பந்தத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மாற்றுவதற்கும் செலவு உண்டு. செயலாக்கக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, முத்திரைத் தீர்வை. 2 லட்சமும் 2 ஆண்டும்தான் பாக்கி என்றால் அதே 2 சதவீத வித்தியாசத்தில் மிச்சமாவது சுமார் 4,440 ரூபாய்தான். 1 சதவீதக் கட்டணமே ஜிஎஸ்டியுடன் 2,360 ரூபாயை விழுங்கிவிடும். மாற்றுவதானால் ஆரம்ப ஆண்டுகளிலேயே மாற்ற வேண்டும். அதற்கு முன், வேறு வங்கி தரும் வட்டியைக் காட்டிச் சொந்த வங்கியிடமே குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அங்கே குறைந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. வட்டி குறைந்தால் கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகையும் குறையுமே என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 100 ரூபாய் வட்டி கட்டி வரியில் மீட்பது ஏறக்குறைய 21 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில்தான்; புதியதில் அதுவும் கிடையாது.