குட்டீஸ் வர்றாங்க... கொஞ்சம் வழிவிடுங்க!

பகல்நேரக் காப்பகக் குழந்தைகளை மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடத்தி அழைத்துப்போவது லேசான வேலையில்லை. எறும்பு வரிசை, பூக்கடை, தூங்கும் நாய் என எல்லாவற்றுக்கும் நின்றாக வேண்டும். 'சீக்கிரம் வா' என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றும்.

இழுக்காதீர்கள் என்பதுதான் மரியா மாண்டிசோரியின் பாடம். இத்தாலிய மருத்துவரான இவர், 1939-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். 1949-ல் அடையாறில் வெளியான 'தி அப்சார்பன்ட் மைண்ட்' நூலில், 2 வயதுக் குழந்தையால் ஒன்றிரண்டு மைல்கூட நடக்க முடியும் என்கிறார். ஆனால், நாம் குழந்தையின் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். குழந்தைக்குப் போய்ச்சேரும் இடம் முக்கியமல்ல, நடப்பதுதான் முக்கியம்.

கிளம்பும்முன் கவனிக்க:

* வெயில் ஏறும்முன் கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.
* முடிச்சுப் போட்ட நீளக் கயிறு. ஒரு முடிச்சுக்கு ஒரு குழந்தை.
* முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், சாலைப் பக்கம் ஒருவர்.
* கிளம்பும்போது, சாலையைக் கடந்ததும், திரும்பியதும் தலைகளை எண்ணுங்கள்.

இவ்வளவு செய்தாலும், நடைபாதையில் பைக் நின்றால் அந்தக் கயிறு சாலையில்தான் இறங்கியாக வேண்டும். நடப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வளாகமும் வந்தது. எல்லாத் தெருவும் பாண்டி பஜார் ஆக நாளாகலாம். பைக்கைச் சற்றுத் தள்ளி நிறுத்த, ஒரு நிமிடம் போதும்!