ஏழைப் பெண்டிரும் மருத்துவமும்

தகடூர் என்பது நம் தருமபுரியின் பழம்பெயர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனி ஒன்றை அரிதின் முயன்று பெற்றான். பெற்றதைத் தான் உண்ணவில்லை. அதன் சிறப்பை எடுத்துச் சொல்லவும் இல்லை. ஔவையாருக்கு ஈந்துவிட்டான். இச்செய்தியைப் புறநானூற்றால் அறிகிறோம். புலவருக்குப் புரவலன் அளித்த பரிசு என்றே நான் பள்ளியில் முப்பது ஆண்டுகள் இதற்கு விளக்கம் கூறி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகே மற்றொன்று புலப்பட்டது. உடல்நலம் தரும் பொருள் ஒன்று கைக்கு வந்தபோது, அது ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேரட்டும் என்று எண்ணிய ஆண்மகன் அவன். அவன் ஆண்ட மண்ணில் இன்று நம் வீட்டுப் பெண்டிர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு நூலிலிருந்து வந்ததன்று. எங்கள் வீட்டிற்குப் பால் ஊற்றும் அம்மையாரிடமிருந்து வந்தது. நாற்பது வயதைக் கடந்தவர். இரண்டு மாடு, அரை ஏக்கர் மானாவாரி நிலம், கூலி வேலை, இவையே அவர் வாழ்வு. ஒருநாள் காலையில் பாற்செம்பை இறக்கி வைத்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரம்மா, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 40,000 ரூபாய் ஆகுமாம். மாட்டை விற்றால் இருபது வரும், தோட்டை அடகு வைத்தால் பத்து வரும். மீதிக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்" என்றார்.

விசாரித்தேன். எட்டு மாதமாக மாதவிலக்கில் மிகுதியான இரத்தப்போக்கு. கணவரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. தலை சுற்றிக் களத்தில் விழுந்த பிறகே தனியார் மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றிருக்கிறார். அதன் பெயர் இங்கு வேண்டா. ஒரு படம் எடுத்தார்கள். கால்மணி நேரத்தில் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஏன் எடுக்க வேண்டும், வேறு வழி உண்டா என்று இவரும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. "மாட்டை விற்பதற்கு முன் இன்னோரிடத்தில் காட்டிவிடுவோம்" என்று கூறி, மறுநாள் அவருடன் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன்.

நேயர்களே, திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் சொல்கிறார். நோயுற்றவன் ஒன்று, நோயைத் தீர்ப்பவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து பணிவிடை செய்பவன் ஒன்று. ஏழைப் பெண்ணுக்கு நல்ல மருத்துவம் எங்கே தடைப்படுகிறது, எங்கே குறைந்த செலவில் கிடைக்கிறது என்பதை இந்நான்கின் வழியே நின்று பார்ப்போம்.

முதலாவது, நோயுற்றவள். நம் பெண்கள் நோயை மறைப்பதில் வல்லவர்கள். வெள்ளைபடுதல், மிகுந்த இரத்தப்போக்கு, அடி இறங்குதல் ஆகியவற்றை வெளியில் சொல்வது நாணமற்ற செயல் என்று கருதுகிறார்கள். கடைசியில் உண்பவளும் அவளே; கடைசியில் மருத்துவரிடம் போகிறவளும் அவளே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள் என்று காட்டியது. களைப்பு, மூச்சிரைப்பு, படபடப்பு ஆகியவற்றை 'வேலை அதிகம்' என்று சொல்லிக் கழித்துவிடுகிறோம். அடிப்படையில் ஒரு மனப்பான்மை இருக்கிறது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அந்நாளைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். பிறக்கும்போதே பெண்ணை வேண்டாதவளாக எண்ணும் சமுதாயம், அவள் வளர்ந்தபின் அவள் நோய்க்குச் செலவிட முன்வருமா? 2011-இல் அத்தொகை 900-ஐத் தாண்டியது. நிலை மாறுகிறது, ஆனால் முற்றும் மாறிவிடவில்லை.

இரண்டாவது, நோயைத் தீர்ப்பவர். அரசு மருத்துவமனையில் நாங்கள் காலை எட்டு மணி முதல் நண்பகல் கடந்தும் காத்திருந்தோம். நெரிசலை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. உட்கார இடமில்லை, ஒருநாள் கூலியும் போயிற்று. ஆனால் உள்ளே இருந்த பெண் மருத்துவர் செய்த முதற் காரியம் இரத்தத்தைச் சோதித்ததே. 100 மில்லி இரத்தத்தில் 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராமே இருந்தது. பின்பு மீண்டும் படம் எடுத்தார்கள். கருப்பையின் உட்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, புற்றுநோய் உண்டா என்று சோதனைக்கு அனுப்பினார்கள். இல்லை என்று முடிவு வந்தது. கருப்பையில் சிறு நார்க்கட்டி ஒன்றிருந்தது, அது தீங்கற்றது. இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரையும், நரம்பின் வழியே இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். "மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்குகிறது. மருந்திலேயே சமாளிக்கலாம், தேவையானால் பிறகு பார்ப்போம்" என்றார் மருத்துவர். நான்கு முறை சென்று வந்தோம். பேருந்தும் தேநீரும் இழந்த கூலியுமே செலவு.

இதனால், கருப்பையை நீக்கும் அறுவையே கூடாது என்று யாரும் கொள்ள வேண்டா. புற்றுநோய், பெருங்கட்டி, மருந்துக்கு அடங்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் அது உயிர் காக்கும். தேவையின்றிச் செய்வதே தவறு. நாட்டின் பல பகுதிகளில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை நீக்கப்படுவது குறித்து வழக்கு எழுந்து, அதனைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்க வேண்டுமென 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே அறுவை என்று சொல்லப்பட்டால் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்குள்ள நோயின் பெயர் என்ன? அறுவையன்றி வேறு வழி உண்டா? சில வாரம் பொறுத்தால் என்ன தீங்கு? சோதனைத் தாள்களை என்னிடம் தருவீர்களா? நல்ல மருத்துவர் எவரும் இவற்றிற்குச் சினம் கொள்ளமாட்டார்.

மூன்றாவது, மருந்து. ஒரே மருந்து ஒரு பெயரில் பத்து ரூபாய்க்கும் மற்றொரு பெயரில் நாற்பது ரூபாய்க்கும் விற்பதை நாம் காண்கிறோம். நிறுவனம் இட்ட பெயருக்கே அந்த விலை வேறுபாடு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டது. மருந்துகளை அவற்றின் மூலப் பெயரில், மொத்தமாக, ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கி, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவது அதன் பணி. இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. நம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரை இளப்பமானதன்று. விலையில்லாதது மதிப்பில்லாதது என்னும் எண்ணமே இளப்பமானது. வெளியில் வாங்க நேர்ந்தால், மக்கள் மருந்தகங்களில் மூலப் பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

நான்காவது, அருகிலிருந்து உதவுபவர். மருத்துவர் பெயரே நம் நினைவில் நிற்கும்; உதவியாளரை நாம் எண்ணுவதில்லை. ஆயினும் ஏழைப் பெண்ணின் உயிர் பெரும்பாலும் இந்த நான்காவது கூறைச் சார்ந்தே நிற்கிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. மலைவாழ் மக்களும் லம்பாடி மக்களும் அங்கு வாழ்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன், அறுவை செய்யத்தக்க மருத்துவமனைக்கு அவர்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தது, பேருந்தோ அருமை. பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 1993-இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவி மருத்துவர் லலிதா ஆகிய இருவரும் அங்குக் குடியேறினர். அவர் மயக்க மருந்து வல்லுநர். அம்மையார் மகப்பேற்று மருத்துவர். காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். ஊரார் துணையுடன் எழுந்த ஒரு குடிசையே முதல் மருத்துவமனை. மரப்பலகையே அறுவை மேசை. ஒரு மின்விளக்கே வெளிச்சம்.

இவர்கள் செய்த பெருஞ்செயல் அறுவையன்று. அந்த ஊர்ப் பெண்களையே மருத்துவப் பணிக்குப் பழக்கியதுதான். பள்ளிப் படிப்பு ஓரளவே பெற்ற மலைவாழ் மகளிரைத் தேர்ந்து, இரத்த அழுத்தம் பார்க்கவும், பிரசவம் பார்க்கவும், எந்தத் தாயை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டறியவும் பயிற்சி அளித்தார்கள். ஊர்கள் தோறும் நடுவயதுப் பெண்கள் சிலர் நலப்பணியாளராயினர். கருவுற்றவளின் எடை, பச்சிளங் குழந்தையின் சூடு, தொப்புள் கொடியின் தூய்மை, கொடுக்க வேண்டிய உணவு ஆகிய அனைத்தையும் அவளுடைய மொழியில், அவளுடைய வீட்டு வாசலிலேயே இவர்கள் சொன்னார்கள். பிறத்தியார் சொன்னால் ஏற்காததைத் தம் பெரியம்மை சொன்னால் ஏற்பது மனித இயல்பன்றோ? காலப்போக்கில் சிசு மரணம் பெருமளவு குறைந்தது. நோயின் வேர் வறுமை என்பதையும் உணர்ந்து, இயற்கை வேளாண்மைச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் தையற்கலைக்கு ஓர் அமைப்பும் அங்குத் தோன்றின.

இதே உண்மையைத் திண்டுக்கல் மாவட்டமும் மெய்ப்பித்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், நீர்த்த காடியை வாய்ப்பகுதியில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும் முறை ஒன்றுண்டு. மாறுபட்ட இடம் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்யலாம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி அம்மாவட்டத்தில் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இச்சோதனை செய்யப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலகமே கவனித்த முடிவு இது. கருவியோ சில ரூபாய்க் காடி. அதைப் பிடித்த கையோ செவிலியின் கை. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனை விலையின்றிச் செய்யப்படுகிறது. நாணத்தின் பொருட்டு இதனைத் தவிர்ப்பவர் பலர். அந்நாணத்தின் விலை மிகப் பெரிது.

ஆகவே, நேயர்கள் இன்று மனத்திற் கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். நோய் கண்டவுடன் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் முதலிற் சொல்லுங்கள். கருவுற்றதும் அவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஏழைத் தாய்மார்க்கு, முதல் இரு பிரசவத்திற்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேற்று உதவி, 2018 முதல் 18,000 ரூபாயாகப் பணமும் ஊட்டப் பொருளுமாக வழங்கப்பட்டு வருகிறது. பதிவு இல்லையேல் உதவியும் இல்லை. பெருஞ்செலவு வரும் நோய்க்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் உண்டா என்று இன்றே தேடுங்கள்; படுத்த பிறகு தேடாதீர்கள். சீட்டுகளையும் சோதனைத் தாள்களையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். ஆனால் மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மீண்டும் இரத்தம் கண்டாலும், கருவுற்றவளுக்கு இரத்தப்போக்கோ வலிப்போ கடுந்தலைவலியோ கண்டாலும், செலவையும் சிக்கனத்தையும் எண்ணி ஒரு நாளும் தாழ்த்தாதீர்கள். 108 என்னும் எண்ணை அழையுங்கள்.

ஆடவருக்கும் ஒரு சொல். உங்கள் மனைவியோ தாயோ தானாகச் சொல்லும் வரை காத்திராதீர்கள். நீங்களே கேளுங்கள். சந்தைக்கு மாட்டை ஓட்டும்போது அதன் நடையைப் பார்த்தே நோயறியும் கண் நமக்கு உண்டு. அந்தக் கண்ணை ஒருமுறை வீட்டிற்குள்ளும் திருப்புங்கள்.

பால் ஊற்றும் அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்று மாதம் கழித்து அவர் இரத்தம் 11 கிராமாயிற்று. மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக் கூடாது, தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது, நெல்லிக்காய் அதனைச் சேர்க்கும் என்று செவிலி சொல்லியிருந்தார். நாள்தோறும் ஒரு நெல்லிக்காயும் வாரத்தில் மூன்று நாள் முருங்கைக் கீரையும் உண்டார். விற்க இருந்த மாடு சென்ற மாதம் கன்று ஈன்றது. சீம்பாலை என் வீட்டிற்குக் கொண்டுவந்தவரிடம், "முதலில் நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், டீச்சரம்மா" என்றார்.