படி, கதவு, விசில்: சென்னை பஸ்ஸுக்குள் நாம் ஏன் இப்படி இருக்கிறோம்?

லஸ் அருகே ஒரு நிறுத்தம், காலை எட்டே கால் மணி. பெசன்ட் நகர் போகும் பழைய மாடல் பஸ் ஒன்று நடைபாதையை விட்டு ஏழெட்டு அடி தள்ளி, சாலையின் நடுப்பக்கமாக நிற்கிறது. கீரைக்கட்டும் வாழைப்பூவும் துருத்திக்கொண்டிருக்கும் ஒயர் கூடையோடு ஒரு பாட்டி வருகிறார். கூடையை முதலில் படியில் வைக்கிறார். கம்பியை வலது கையால் பிடித்து, இடது முழங்காலை இடுப்புவரை தூக்கி, மூச்சை இழுத்து உடம்பை மேலே கொண்டுபோகிறார். பின்னால் நிற்கும் கல்லூரிப் பையன் முழங்கையைத் தாங்குகிறான். "பாட்டி, மெதுவா ஏறு. யாரும் தள்ளாதீங்கப்பா" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். இரண்டு விசில். பஸ் நகர்கிறது. "ஒரு அடையாறு" என்கிறார் பாட்டி. கட்டணமில்லா டிக்கெட் நான்கு பேர் கை மாறி அவரிடம் வந்து சேர்கிறது.

அரை நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும் இந்தக் காட்சிக்குள் சென்னை பஸ் பயணத்தின் முக்கால்வாசி இருக்கிறது. பஸ் பயணிகளைப் பற்றி எல்லோரிடமும் புகார் உண்டு: படியில் தொங்குகிறார்கள், உள்ளே போகச் சொன்னால் போவதில்லை, முண்டியடிக்கிறார்கள், கத்துகிறார்கள். இதெல்லாம் ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியாததால் வருகிறது என்றே பேசிப் பழகிவிட்டோம். பல வருடம் இந்த பஸ்களில் போய்வந்தவன் என்ற முறையில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. படி எவ்வளவு உயரம், கதவு உண்டா இல்லையா, கண்டக்டர் எங்கே உட்காருகிறார், அடுத்த வண்டி எப்போது வரும் என்பவைதான் பஸ்ஸுக்குள் நம் நடத்தையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

முதலில் படி. இந்திய நகர பஸ்களைத் தரையிலிருந்து உள்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள்: 900 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர். 900 என்றால் ஏறத்தாழ மூன்றடி. லாரிக்கான அடிச்சட்டத்தின் மேல் பஸ் கூட்டைக் கட்டிய காலத்திலிருந்து வரும் உயரம் அது. பாட்டி முழங்காலைத் தூக்கியது அந்த மூன்றடிக்காகத்தான். 400 என்றால் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. படிக்கட்டே தேவையில்லை, ஒரே எட்டில் உள்ளே போய்விடலாம்.

இந்த ஐந்நூறு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகச் சென்னையில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. எல்லா பஸ்ஸும் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சாலைகள் அதற்கு ஏற்றவையாக இல்லை, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், விலையும் அதிகம் என்பது அரசுத் தரப்பின் வாதம். தண்ணீர் தேங்குவது உண்மைதான். ஆனால் மழை சில வாரங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மூன்றடிப் படி ஆண்டு முழுக்கச் சுவர். வழக்கின் அழுத்தத்தால் ஒரு பங்கு வண்டிகளாவது தாழ்தளமாக வாங்குவது என்றாகி, 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள டீசல் பஸ்கள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும் வசதியும், சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகையும் அவற்றில் உண்டு.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார தாழ்தள பஸ்கள் வந்தன. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து அடுத்த தொகுதி வந்தது. அதில் ஏசி வண்டிகளும் உண்டு. முன்னதாக 2019 ஆகஸ்டில் சென்ட்ரலிலிருந்து மந்தைவெளி, அடையாறு வழியாகத் திருவான்மியூருக்கு 'ஏ1' என்ற எண்ணில் ஒரே ஒரு மின்சார பஸ்ஸைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். இப்போதைய ஏற்பாட்டில் வண்டி ஒப்பந்த நிறுவனத்தினுடையது, டிரைவரும் அந்த நிறுவனத்தவர், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது.

இனி கதவு. பழைய பஸ்களில் பலவற்றுக்குக் கதவு இருந்ததில்லை, இருந்தாலும் மூடியதில்லை. கதவில்லாத பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறச் சொல்கிறது, நிற்பதற்கு முன்பே இறங்கச் சொல்கிறது. படியில் நிற்பவனுக்குக் காற்று கிடைக்கும், இறங்குவது சுலபம், நண்பர்கள் கூட்டமும் அங்கேதான். 2012 டிசம்பர் 10 அன்று பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி அருகே, படியில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போன மாணவர்கள் மீது லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. படிக்கட்டிலோ கூரையிலோ ஆளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அதற்கு முன்பே சொல்லிவிட்டது. பஸ்ஸில் எச்சரிக்கை வாசகமும் எழுதியிருந்தது. கதவு மட்டும் இல்லை.

லண்டனிலும் இந்தப் பழக்கம் இருந்தது. ரூட்மாஸ்டர் என்ற சிவப்பு மாடி பஸ்ஸுக்குப் பின்புறம் கதவில்லாத திறந்த மேடை. ஓடும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் அந்த ஊருக்கே அடையாளம்போல இருந்தது. 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து அந்த பஸ்களை எடுத்தார்கள். கதவுள்ள வண்டிகள் வந்தன. அந்தப் பழக்கமும் அதோடு போனது. சென்னையின் புதிய பஸ்களில் தானியங்கிக் கதவு மூடினால்தான் வண்டி நகரும். அவற்றில் படியில் தொங்கும் பையன் இல்லை. அவனுக்கு யாரும் புத்தி சொல்லித் திருத்தவில்லை. தொங்குவதற்குப் படி இல்லை, அவ்வளவுதான்.

மாணவர்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பஸ் டே' என்பது தங்களைத் தினமும் சுமந்து போகும் வண்டிக்கு மாலை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மரியாதை செய்யும் நாளாக இருந்தது. அது 'ரூட்டு தல' என்று ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு தலைவன், கல்லூரிகளுக்குள் மோதல், கூரைமேல் ஆட்டம் என்று மாறிப்போனது. 2019 ஜூனில் முன்னால் போன பைக் நின்றதால் பஸ்ஸுக்குப் பிரேக் அடிக்க, கூரையிலிருந்த மாணவர்கள் கொத்தாகச் சரிந்து சாலையில் விழுந்த காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. போலீஸ் கெடுபிடியும் நீதிமன்றத் தடையும் நியாயமானவை. ஆனாலும் ஒரு தடத்து பஸ்ஸை 'எங்க பஸ்' என்று சொல்லும் பாசம் வேறு எந்த வாகனத்துக்கும் கிடைக்காதது. அதை இழப்பது எனக்கு வருத்தமே.

சரி, ஏன் யாரும் உள்ளே போவதில்லை? கண்டக்டர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். வெளியூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கூட்டத்துக்குள் நடந்து டிக்கெட் போடுவார். சென்னையில் அவர் பின்வாசல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். பின்வாசலில் ஏறுபவர் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சில்லறை எடுத்து, டிக்கெட் வாங்கி, மீதி வாங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பின்வாசல் அடைபடுவது அங்கேதான். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்க வேண்டியவர் நடுவில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து வாசலையே பிடித்துக்கொள்கிறார். "உள்ள போங்க, உள்ள இடம் காலியா கீது" என்று கண்டக்டர் கத்துவது தினசரி பாட்டு. உள்ளே இடம் இருப்பது பொய்யல்ல. போனவர் திரும்பி வரும் வழிதான் சந்தேகம்.

இதே ஏற்பாட்டிலிருந்துதான் சென்னையின் மிக அழகான பஸ் பழக்கமும் பிறந்தது. முன்வாசலில் ஏறியவர் பத்து ரூபாயை நீட்டி, "சார், ஒரு பனகல் பார்க், பாஸ் பண்ணுங்க" என்கிறார். முகம் தெரியாத ஐந்தாறு பேர் அந்தப் பணத்தையும் வார்த்தையையும் சேர்த்துக் கடத்துகிறார்கள். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. காசு வழியில் காணாமல் போவது இல்லை. சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதித் தருவார் கண்டக்டர். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் கையை ஒருவர் தொடக் கூசிய ஒரு சமூகத்தில், யார் கைக்காசு என்று கேளாமல் வாங்கிக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

இப்போது டிக்கெட் எந்திரத்தில் கியூஆர் குறியீடு காட்டுகிறார்கள். செல்போனை ஆறு பேர் கையில் கடத்த முடியாது. ஆளே பின்னால் போக வேண்டியிருக்கிறது. மெட்ரோவுக்கென வந்த 'சிங்காரச் சென்னை' அட்டையை 2025 ஜனவரி முதல் பஸ்ஸிலும் வாங்கிக்கொள்கிறார்கள். அட்டையைக் கடத்தலாம். அண்மையில் ஒரு பஸ்ஸில் அப்படி ஓர் அட்டை பழைய பத்து ரூபாய்த் தாளைப்போலவே கைமாறிப் போய், டிக்கெட்டோடு திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் யார் என்பதே மாறியது 2021-ல். மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். பின்னாளில் 'விடியல் பயணம்' என்ற பெயர் வந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது.

தென்சென்னைக்கு அந்த 888 ரூபாயின் அர்த்தம் தனி. 2000-ஐ ஒட்டி கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் நகரத்தின் நடுவிலிருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். வீடு அங்கே போனது. வேலை இங்கேயே நின்றது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி.நகரிலும் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், விடியும் முன்பே 'ஒயிட் போர்டு' எனப்படும் சாதாரணக் கட்டண பஸ்ஸுக்காக நிற்கிறார். டீலக்ஸும் ஏசியும் வந்தால் விட்டுவிடுகிறார். அவற்றில் இலவசம் கிடையாது. கட்டணமில்லா பஸ்ஸைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் 2022-ல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள். இலவசமாக இருந்தாலும் டிக்கெட் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக் கணக்குதான் எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்பதற்குச் சான்று. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று அரசு தொடக்கத்தில் அறிவித்ததும் அந்தப் பயணங்களுக்காகத்தான். டிக்கெட் கேட்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் கண்டக்டர் கறாராக இருப்பதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருக்கைச் சண்டைகளும் இந்த இலவசப் பயணத்தோடு மாறின. இடப்பக்க வரிசை பெண்களுக்கு என்பது சென்னையின் வெகுகாலப் பழக்கம். இப்போது சாதாரண பஸ்ஸில் பெண்களே பெரும்பான்மை என்பதால் வலப்பக்கமும் நிரம்புகிறது. "இது ஆம்பளைங்க சீட்டும்மா" என்ற முணுமுணுப்பு கேட்கிறது. நான்கு வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்ணை எழுப்பிவிட்டு உட்கார எனக்கு மனம் வராது. முறைத்துப் பார்ப்பது, சீண்டுவது, சாடையாகப் பாடுவது போன்றவற்றுக்கு எதிராக 2022-ல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அப்படிப்பட்டவரை இறக்கிவிடும் அதிகாரம் கண்டக்டருக்கு உண்டு. அதே ஆண்டு பஸ்களில் கேமராவும் அவசர பட்டனும் வந்தன.

இன்னொரு நிரந்தரக் கேள்வி: அரை மணி நேரம் வராத 29சி பஸ், வரும்போது மட்டும் ஏன் இரண்டு மூன்றாக வருகிறது? டிரைவர்கள் டீக்கடையில் பேசி வைத்துக்கொள்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் வண்டி ஏதோ ஒரு சிக்னலில் நான்கு நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காக நான்கு நிமிடக் கூட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, மூன்றடிப் படியில் எல்லோரும் ஏற இன்னும் நேரம் ஆகிறது, தாமதம் ஆறாகிறது. பின்னால் வரும் வண்டிக்கோ ஏற ஆளே இல்லை, விரைவாக வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் பஸ்ஸில் புளிமூட்டைபோல் அடைந்து போகிறவர்களுக்குப் பின்னாலேயே காலி பஸ் வருவது இதனால்தான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் சாலைகளைக் குறுக்கியபின் இது இன்னும் கூடியிருக்கிறது. பஸ்ஸின் இருப்பிடத்தைச் செல்போனில் பார்க்கும் செயலி 2022 முதல் இருக்கிறது. பின்னால் அடுத்தது வருவது தெரிந்தால் முதல் வண்டியில் தொங்கத் தேவையில்லை.

கடைசியாக, நிறுத்தம். 400 மில்லிமீட்டர் தளமும் சாய்பலகையும் முழுப் பலன் தர வேண்டுமென்றால் பஸ் நடைபாதையை ஒட்டி நிற்க வேண்டும். விதிப்படி நடைபாதை 150 மில்லிமீட்டர் உயரம் என்றால், மீதி 250 மில்லிமீட்டர்தான். வீட்டு வாசற்படி அளவு. வண்டி சாலை நடுவில் நின்றால் அந்த 150 வீணாகிறது. பாட்டி முதலில் சாலையில் இறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து, பிறகு ஏற வேண்டும். பஸ் ஏன் ஒட்டி நிற்பதில்லை? நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, டெலிவரி பைக் நிற்கிறது, கடைக்கு வந்தவரின் கார் நிற்கிறது. பன்னிரண்டு மீட்டர் வண்டியை ஒடித்து உள்ளே கொண்டுவந்து மறுபடி வெளியே எடுக்க டிரைவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு இடமாவது வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த தாழ்தளத்தை ஒரே ஒரு பைக் பழைய மூன்றடிப் பஸ்ஸாக்கிவிடுகிறது. நிறுத்தங்களில் வண்டி நிறுத்துவதைப் போக்குவரத்துப் போலீஸ் தினமும் கண்டிப்பாகத் தடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதிய டெண்டர் எதுவும் வேண்டியதில்லை.

போன வாரம் அடையாற்றில் மதிய நேரம். நிறுத்தத்தில் அபூர்வமாக ஒரு ஆட்டோகூட இல்லை. மின்சார பஸ் சத்தமில்லாமல் வந்து நடைபாதையை உரசுவதுபோல் நின்றது. கதவு திறந்தது. ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மருந்துப் பையுமாக நின்ற பெரியவர் கம்பியைத் தேடவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. நடந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.