வீடும் மின்சாரமும் – 12
இரண்டு எர்த், நடுவே ஒரு டிவி

ஐப்பசி வந்துவிட்டது, இனி இடியும் மின்னலும் அடிக்கடி வரும். வீட்டு எர்த் குழியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் மொட்டை மாடிக்கு ஏறுவோம்.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதைப் பார்க்க நம் கடலோர ஊர்களில் நெடிய இரும்புக் குழாய்கள் கூரைமேல் எழுந்தன. அந்த இடத்தில் இப்போது டிஷ் இருக்கிறது. அன்றும் இன்றும் நிலைமை ஒன்றுதான்: வீட்டின் உச்சியில் உலோகம், அங்கிருந்து நேரே டிவிக்கு இறங்கும் கேபிள்.

டிஷ்ஷைத் தாங்கும் கம்பத்தை எர்த் செய்துவிட்டால் இடி விழாது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. நேராக விழும் மின்னலிலிருந்து டிவியைக் காப்பாற்ற இந்த எர்த் மட்டும் போதாது. ஆனால் கம்பத்தில் சேரும் நிலைமின்சாரத்தை அது மண்ணுக்குள் இறக்கிவிடும். அக்கம்பக்கத்தில் மின்னல் விழும்போது கேபிளில் எழும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதியையும் வெளியிலேயே வடித்துவிடும்.

கம்பத்திலிருந்து குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை வெளிச்சுவர் வழியாக, கூர்மையான வளைவில்லாமல், குறுகிய வழியில் இறக்க வேண்டும். மின்னலின் மின்னோட்டம் ஒரு மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் ஏறத்தாழ 10,000 வோல்ட் உருவாகும். வழி நீள நீள ஆபத்தும் கூடும். டிவி கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதன் வெளிப்பின்னலையும் எர்த்துடன் இணைத்துவிட வேண்டும்.

பெரும் தவறு நடப்பது மண்ணில்தான். ஆன்டெனாவுக்கென்று தனியாக ஒரு கம்பியை அடித்து, அதை வீட்டு எர்த்துடன் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் மண் தடை 10 ஓம், அதில் இறங்கும் மின்னோட்டம் 5,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் அதில் 50,000 வோல்ட் நிற்கும். வீட்டு எர்த்தோ பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இரண்டுக்கும் இடையே, ஒரு பக்கம் கேபிளும் மறுபக்கம் மின்வயருமாக உங்கள் டிவி மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு அதன் வழியாகத்தான் பாயும்.

இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்துவிட்டால், வெள்ளத்தில் சேர்த்துக் கட்டிய தோணிகள்போல இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். டிவிக்குள் பாய்வதற்கான வேறுபாடு பெருமளவு குறைந்துவிடும்.

இன்னும் சில: கேஸ் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பிமேல் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். இடி கேட்கும் முன்பே பிளக்கையும் டிவி கேபிளையும் கழற்றிவிடுங்கள். மேகம் திரண்டபின் யாரையும் மாடிக்கு அனுப்பாதீர்கள். டிவி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மழை வலுக்கும் முன் உங்கள் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டிஷ் எர்த்தும் வீட்டு எர்த்தும் இணைந்திருக்கிறதா?” வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் போதாது, அந்த இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி.)