கல்யாண கேசட்டைக் கடையில் கொடுப்பதற்கு முன்

அக்கா கல்யாணம் 2001இல் நடந்தது. அதன் வீடியோ கேசட்டை இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்துவிட்டு, சென்ற ஆண்டுதான் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். படம் வந்ததும் அம்மா, "எங்கம்மா இவ்வளவு குண்டா இருக்க மாட்டாளே" என்றார். பாட்டி மட்டுமல்ல, மாப்பிள்ளை, தவில்காரர், வாசல் வாழைமரம் வரை எல்லாமே பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் இருந்தது. யாராவது கையை அசைத்தால் விரலோரத்தில் சீப்புப் பல்போலக் கோடுகள். முகூர்த்தப் புடவை அரக்கா சிவப்பா என்று தெரியவில்லை. கடையில் போய்க் கேட்டேன். "பழைய கேசட் சார், அவ்வளவுதான் வரும்" என்று முடித்துவிட்டார்கள்.

அது உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. கேசட்டில் இருக்கும் படம் கணினிக்கு வருவதற்குள் மூன்று நான்கு கைமாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கெடலாம். எங்கே கெடுகிறது என்று தெரிந்தவர் கடையில் கேட்கும் கேள்வியே வேறு.

முதல் கேள்வி, உங்கள் கையில் இருப்பது எந்தக் கேசட்? நம் வீடுகளில் கல்யாண வீடியோ என்று இருப்பது பெரும்பாலும் பிரதிதான். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு சோனி பிடி170 போன்ற கேமராக்கள் மண்டபத்துக்கு மண்டபம் வந்தன. அதில் எடுத்ததை வெட்டி ஒட்டி, பூ விழும் கிராஃபிக்ஸ் சேர்த்து, விஎச்எஸ் கேசட்டிலோ விசிடியிலோ நமக்குக் கொடுத்தார்கள். மினி டிவியின் படம் 720க்கு 576 புள்ளி. விசிடியில் அது 352க்கு 288ஆகச் சுருங்கிவிடும், அதாவது புள்ளிகளில் கால் பங்குதான் மிச்சம். விஎச்எஸ்ஸின் நுணுக்கம் சுமார் 240 கோடு, மினி டிவியோ அதைப்போல் இரண்டு மடங்கு. பிரதியை எவ்வளவு நல்ல கருவியில் ஏற்றினாலும் இழந்தது திரும்ப வராது. அதனால் கடைக்குப் போகும் முன், கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோவுக்குப் போய் மாஸ்டர் கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தைப் பதிந்திருக்கலாம். பரணில் அட்டைப் பெட்டியில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படத்துக்கும் அவரே முதல் உரிமையாளர், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. கல்யாண வீடியோவுக்குப் பணம் கொடுத்தது நாம்தான், அதனால் அதன் பதிப்புரிமையும் நம்முடையதே. கேசட் என்ற பொருள் யாருடையது என்பது மட்டும் வேறு கேள்வி. அதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வழக்கு நடத்தும் செலவைவிடக் குறைவு. ஆனால் புதிய ஸ்டுடியோவை அமர்த்தும்போது நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உரிமை ஸ்டுடியோவுக்கே என்று ஒரு வரி உள்ளே இருந்தால் மேலே சொன்ன விதி தலைகீழாகிவிடும்.

அடுத்தது ஒயர். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். மினி டிவி, டிஜிட்டல்8 கேசட்டுகளில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல், வினாடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் என்ற ஒயரில் எடுத்தால் அது மாறாமல் அப்படியே கணினிக்கு வந்து சேரும். சோனி கேமராவில் அதன் பெயர் ஐலிங்க். ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். இதே கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும். பல மாடல்களில் அது ஸ்டில் போட்டோவை மாற்றவும் வெப்கேமராவாகப் பயன்படுத்தவும் வைத்தது. அதன் வழியே வீடியோ எடுத்தால் தபால்தலை அளவுக்குத்தான் படம் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைச் செருகி எடுத்தாலோ டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறோம், அரிசியை மாவாக்கி மறுபடி அரிசி பிடிப்பது மாதிரி. கடையில் "மினி டிவியை எந்த ஒயரில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபயர்வயர் என்று பதில் வராவிட்டால் வேறு கடை.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டது. ஃபயர்வயர் கார்டு செருகிய பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தால் போதும். விண்டோஸில் வின்டிவி (WinDV), லினக்ஸில் டிவிகிராப் (dvgrab), இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறல் வந்தால், ஹெட் க்ளீன் செய்துவிட்டு இரண்டாவது தடவை ஓட்டுங்கள். சிதறல் இரண்டு ஓட்டத்திலும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம். எடுத்த கேமராவே கிடைத்தால் அதிலேயே ஓட்டுவது உத்தமம். வீடியோ8, ஹை8 கேசட் வைத்திருப்பவர்கள், அந்த இரண்டையும் ஓட்டத் தெரிந்த சோனி டிஜிட்டல்8 கேமராவைத் தேடுங்கள். சில மாடல்கள் பழைய கேசட்டை ஓட்டி ஃபயர்வயரிலேயே அனுப்பிவிடும்.

விஎச்எஸ்ஸுக்கு ஃபயர்வயர் இல்லை. அங்கே மஞ்சள் ஒயரா, எஸ்-வீடியோவா என்பதுதான் பேச்சு. மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன, எஸ்-வீடியோவில் தனித்தனியாக. புடவைக் கரையில் எறும்பு ஊர்வதுபோன்ற புள்ளிகள் பெரும்பாலும் அந்தக் கலப்பால் வருபவை. கேசட் பழையதானால் படத்தின் மேல்பகுதி கொடிபோல வளைந்து ஆடும். அதை நேராக்க டைம்பேஸ் கரெக்டர் என்ற சாதனம் உண்டு. சில பழைய டிவிடி ரெக்கார்டர்களை நடுவில் வைத்தாலும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

கேசட் கணினிக்கு வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பழைய வீடியோவில் வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக, வெவ்வேறு நொடித்துணுக்கில் எடுக்கப்பட்டது. அவற்றை அப்படியே ஒட்டினால்தான் அந்தச் சீப்புப் பல். முறைப்படி பிரித்து வினாடிக்கு 50 படமாக மாற்றினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். பாட்டி குண்டானதற்குக் காரணம் இன்னும் எளிது. 4:3 படத்தை 16:9 டிவிக்காக இழுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டிருந்தால் பாட்டி பாட்டியாகவே இருந்திருப்பார்.

இப்போது கடைகளில் புதிதாகக் கிளம்பியிருப்பது "4கே தரத்தில் மாற்றித் தருகிறோம்" என்ற பலகை. விஎச்எஸ்ஸில் 4கே கிடையாது. அப்படிச் செய்வது பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். இல்லாத நுணுக்கத்தை அது ஊகித்து வரையும். பந்தல், ரங்கோலி என்றால் பரவாயில்லை. கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் தாத்தாவின் மங்கலான முகத்துக்கு அது கண்ணும் பல்லும் வைக்கும், அந்தக் கண் தாத்தாவுடையது இல்லை. அவருடைய வேறு படமே இல்லாத வீட்டில் பத்து வருடம் கழித்து எது நிஜம் என்று யார் சொல்வது? வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். மாற்றாத மூலக் கோப்பு கையில் வந்த பிறகு செய்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தை ஒரே டிவிடியில் அடைத்துத் தருகிறோம் என்பதும் இதே ரகம்தான். 4.7 ஜிபி தட்டில் மூன்று மணி நேரம் அடங்க வேண்டுமென்றால் படத்தைப் பிழிந்துதான் ஆக வேண்டும்.

தள்ளிப்போடுவதில் ஆபத்து இருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள், சுருளின் ஓரத்தில் வெள்ளை தூவியதுபோல் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. நாடா அறுவது ஒரு பக்கம், ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நல்ல கேசட் என்றாலும் விஎச்எஸ்ஸின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டு, மினி டிவி என்றால் சின்ன ஸ்விட்சை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டுக் கொடுங்கள். கைதவறி மேலே பதிந்துவிடாது. ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் தயாரிப்பை 2016 ஜூலையில் நிறுத்தியது. காந்த நாடாப் பதிவுகள் கைவிட்டுப் போகின்றன என்று யுனெஸ்கோ 2019இல் உலகெங்கும் எச்சரிக்கை இயக்கமே நடத்தியது.

கடையில் கொடுக்கும்போது ரசீதில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள். எத்தனை கேசட், ஒவ்வொன்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது, எந்த முறையில் ஏற்றுவார்கள், மூலக் கோப்பும் கேசட்டும் திரும்ப வரும் தேதி. எல்லாக் கேசட்டையும் முதல் நாளே கொடுக்காமல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கடைக் கணினியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்லி அதையும் எழுதி வாங்குவது தவறில்லை. குளியல் தொட்டியில் விளையாடும் குழந்தைகள், நலங்கு, மருதாணி எல்லாம் அதில் இருக்கின்றன அல்லவா? அந்தக் காட்சியை விளம்பரத்துக்கு யூடியூபில் போட்டால் நீங்கள் கேட்கலாம். குடும்பம், திருமணம் பற்றிய அந்தரங்கத்தை ஒருவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இலேயே சொல்லிவிட்டது. ஆட்டோ சங்கர் சுயசரிதையை நக்கீரன் வெளியிட நினைத்ததில் எழுந்த வழக்கு அது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள்.

கேசட் தொலைந்தது, நாடா அறுந்தது, சொன்ன முறையில் ஏற்றவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. பில்லின் அடியில் சின்ன எழுத்தில் "சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த வரி உங்கள் புகார் உரிமையைப் பறித்துவிடாது. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் சான்றுதான். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. இழப்பீடு என்பது வெறும் கேசட்டின் விலை மட்டுமல்ல, மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் ஆணையம் வரை போகவில்லை. கடையில் சண்டை போட்டுப் பாதிப் பணம் திரும்ப வாங்கினேன். பிறகு அக்கா கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். இப்போது அது ஜெராக்ஸ் கடை. பழைய முதலாளியின் மகன் பரணில் ஏறித் தேடி மூன்று மினி டிவி கேசட்டை எடுத்துக்கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க சார், இடத்த அடைச்சிக்கிட்டுத்தான் கெடக்கு." நண்பர் வீட்டுப் பழைய கணினியில் ஃபயர்வயரில் ஏற்றினோம். புடவை அரக்குதான்.

மூன்றாவது கேசட்டின் கடைசியில், எடிட் செய்தபோது வெட்டி எறிந்த ஒரு துண்டு இருந்தது. பந்தி முடிந்து இலை எடுக்கிறார்கள். பாட்டி, ஒல்லியான எங்கள் பாட்டி, கேமராவைப் பார்த்து நேராக வருகிறார். லென்ஸுக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்கிறார்: "நீ சாப்பிட்டியாப்பா?"