ரோஷம் உங்களுடையது, பணம் குழந்தையுடையது!

அரியும் சிவனும் ஓருருவாய் நிற்கும் சங்கரன்கோவிலிலும் தம்பதிகள் பிரிவதுண்டு. பிரிந்தாலும் குழந்தைக்கு அப்பா அப்பாதானே!

கணவர் திருப்பூரில் இருந்தால் வழக்குக்காக அங்கே அலைய வேண்டுமோ என்று கலங்காதீர்கள், சகோதரி. நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய கோர்ட்டிலேயே ஜீவனாம்ச மனுக் கொடுக்கலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற பழைய வரம்பும் 2001-ல் நீங்கிவிட்டது.

ஆனால், தாமதம் கூடாது. மனுப் போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும் என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் கூறியது. 'இன்று தருவார், நாளை தருவார்' என்று காத்திருந்த மாதங்கள் போனவைதான்! உத்தரவான பிறகு பாக்கி விழுந்தால், ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுச் செய்யுங்கள்.

'அவர் காசு எனக்கு வேண்டாம்' என்கிறீர்களா? சரி, உங்களுக்கு வேண்டாம். குழந்தைக்கு?