பழைய படத்தின் புதிய பிரதியை எப்படிப் பார்ப்பது?

பழைய படம் ஒன்றை 4கே-யில் மீட்டெடுத்து ப்ளூ-ரேயாக வெளியிட்டால், "நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது" என்று பாராட்டுகிறோம். பல நல்ல படங்களைக் கெடுத்ததே அப்படித் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். 1955இல் எடுத்த படம் 1955இன் படமாகவே தெரிய வேண்டும். அன்று நல்ல பிரின்ட் ஒன்றைத் திரையரங்கில் பார்த்தவருக்குக் கிடைத்தது இன்று நமக்கும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்வோம். 1993இல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேப் தீப்பிடித்தபோது, இந்தப் படத்தில் தொடங்கும் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் கருகின. மிஞ்சிய சுருள்களை அமெரிக்காவின் அகாடமி ஃபிலிம் ஆவணக்காப்பகம் பாதுகாத்து வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா கூடத்தில், தொட்டால் ஒடியும் நிலையில் இருந்த அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஊட்டினார்கள். உருகி ஒட்டிய டேப்பையும் மெழுகையும் கையால் அகற்றி, ஓரத் துளைகளைச் சீராக்கி, பிறகு ஸ்கேன் செய்தார்கள். கைவேலைக்கே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்தது. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும் இரண்டாவது படமான 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. மூன்றாவது படமான 'அபுர் சன்சார்' நெகட்டிவ் எதற்கும் உதவாத அளவு கெட்டிருந்தது. இல்லாத பகுதிகளை நகல் நெகட்டிவ்களும் ஃபைன் கிரெயின் மாஸ்டர் எனப்படும் பாசிட்டிவ் பிரதிகளும் ஈடுசெய்தன. 2015இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டது இந்தப் பிரதியைத்தான்.

இந்தக் கதை தெரியாமல் பார்ப்பவர், ஒரு ஷாட் கூர்மையாகவும் அடுத்தது கொஞ்சம் மங்கலாகவும் வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்வார். நகலில் ஏறாத நுணுக்கத்தை எந்தக் கணினியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்று முதலில் பாருங்கள். டிஸ்க்குடன் வரும் கையேட்டில் பெரும்பாலும் எழுதியிருக்கும். முழு நெகட்டிவ் இருக்கும் படங்களில்கூட, ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் இடங்களில் படம் சற்றுச் சொரசொரப்பாகும். அந்தக் காலத்தில் இந்த டிசால்வை லேபில் நகலெடுத்துத்தான் செய்தார்கள்.

அடுத்தது கிரெயின். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்கள்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவை வேறு வேறு இடத்தில் அமைவதால் திரையில் மெல்லிய துடிப்பு தெரியும். அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால், தோலின் சுருக்கமும் துணியின் இழையும் இலை நுனியும் கூடவே போய்விடும். 'பிரிடேட்டர்' படத்தின் 2010 ப்ளூ-ரே இதற்குப் பேர்போனது. மனிதர்களெல்லாம் மெழுகுப் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் இதைச் சோதிக்க, கிழவி இந்திர் தாக்ருனாக நடித்த சுனிபாலா தேவியின் முகத்தைப் பாருங்கள். அசையாமல் இருக்கும்போது தெரியும் சுருக்கங்கள் தலை திரும்பும்போது குழைந்து போனால், கிரெயினை யாரோ அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நாணல் காட்டில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயிலைப் பார்க்கும் காட்சி இன்னொரு நல்ல சோதனை. வானத்தை ஒட்டிய உருவங்களைச் சுற்றி வெண்கோடு ஓடினால், செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். காற்றில் ஆடும் நாணல் கட்டம் கட்டமாக உடைந்தால், அது டிஸ்க்கில் தரவைச் சுருக்கியதன் கோளாறு, மீட்டெடுத்தவர்களின் தவறல்ல.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'அபராஜிதோ'வில் காசி வீட்டின் முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி இறங்கச் செய்தார். நிழலே விழாத அந்தப் பகல் வெளிச்சம் முழுக்கச் சாம்பலின் நயத்தில்தான் இருக்கிறது. "பளிச்" என்று காட்டக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் அவர் உழைப்பு வீணாகிவிடும்.

வண்ணப் படங்களில் சிக்கல் வேறு. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009 ப்ளூ-ரேயில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே நிறத்தை வெளிற வைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் திருத்திய பிரதி வந்தது. இயக்குநர் ஒப்புதல் தந்தார் என்ற வாசகம் அட்டையில் இருந்தாலும் அதுவே முடிவல்ல.

இத்தனையும் பார்ப்பதற்கு முன் டிவியைச் சரிசெய்யுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்து, ஷார்ப்னஸைக் குறைத்து, 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' முறைக்கு மாறுங்கள். பல டிவிகளில் இந்த அமைப்புகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனி. ப்ளூ-ரே பிளேயர் செருகியிருக்கும் இணைப்பில்தான் மாற்ற வேண்டும்.